திறப்போடு வந்தவர்கள்

அகஸ்ரீனா எதற்கும் மூக்கைப் பொத்துகிற பெண் அல்ல. பதினெட்டு வருடமாக இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் வயதானவர்களைப் பராமரித்து வருகிறாள். பிறருடைய மலம், சலம், சீழ், வாந்தி எல்லாம் அவள் கையால் வழித்துப் போட்டவை. படுக்கையில் கிடந்து முதுகு புண்ணாகிப்போன ஒரு கிழவருக்கு அவர் கண்ணை மூடும்வரை மருந்து கட்டியவள் அவள்தான். எப்படி இதெல்லாம் முடிகிறது என்று யாராவது கேட்டால், "வருத்தக்காரரின்ர உடம்பில என்ன அரியண்டம்? அவையள் விரும்பியே செய்யினம்?" என்பாள். அப்படிப்பட்டவள், இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் குசினியில் அரிசி வாளியின் மூடியைத் திறந்த கையோடு ஓங்காளித்துக்கொண்டு வெளியே ஓடினாள். எலுமிச்சை மரத்தடியில் குந்தியிருந்து வயிற்றில் கிடந்ததை எல்லாம் எடுத்தாள்.

யாரோ அந்த அரிசிக்குள் சலம் பெய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அகஸ்ரீனா மன்னார் பேசாலைக்காரி. கணவன் ஏர்னஸ்றுக்கும் அதே ஊர்தான்; கடலுக்குப் போய் வந்த குடும்பம். மகள் கிளறாவுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை மூவரும் போர்கோ வெக்கியோவில், சந்தைத் தெருவுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார்கள். அந்த அறையின் ஒரே ஜன்னல் மீன்கடைக்கு நேர் மேலே திறக்கும். கிளறா படிக்கிற மேசையில்தான் சாப்பாடும் நடக்கும், உடுப்புக்கும் அதிலேயே இஸ்திரிக்கை போடுவார்கள். பிள்ளை பெரியவளான பிறகு, அவள் உடுப்பு மாற்றும் நேரங்களில் ஏர்னஸ்ற் மாடிப்படியில் போய் நின்று சிகரெட் பிடிப்பார். சிகரெட் பிடிக்கிற பழக்கமே அவருக்கு அப்படித்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் இத்தாலிய அம்மா ஒருவ, சிஞ்ஞோரா இக்னாட்சியா, அகஸ்ரீனாவை வேலைக்குக் கேட்டா. மருந்துக்கடைக்காரர் ஒருவரின் விதவை, எண்பது வயது தாண்டியவ. நாக்கு கூர், கால் மட்டும் பலவீனம். நகரத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் எலுமிச்சையும் ஒலிவும் நிற்கிற காணி ஒன்றும், அதற்குள் பழைய கல்வீடு ஒன்றும் அவவுக்கு இருந்தன. அங்கேதான் சாகும்வரை இருப்பது என்று முடிவெடுத்திருந்தா. மேல்தட்டில் அவ. கீழே இரண்டு அறையும் குசினியும். குடும்பத்தோடு வந்து அதில் இரு, என்னைப் பார், உன் கணவன் மரங்களைப் பார்க்கட்டும் என்றா. அகஸ்ரீனா யோசிக்கவே இல்லை. இரண்டு அறை என்ற சொல்லோடு அவள் மனம் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டது.

கிளறாவுக்கு முதன்முதலாக ஒரு கதவு கிடைத்தது. அவள் அதைப் பூட்டிக்கொண்டு உள்ளே என்ன செய்கிறாள் என்று தகப்பன் கவலைப்பட்டபோது, ஒன்றும் செய்யவில்லை, பூட்டிப் பார்க்கிறாள் என்றாள் அகஸ்ரீனா. அந்த அறையின் சுவருக்குப் பிள்ளை தானே மஞ்சள் நிறம் அடித்தாள். காலையில் கீழ்வீதிக்கு இறங்கி மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் போகிற பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவாள். கோடையில் ஏர்னஸ்ற் கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்கு வேலைக்குப் போவார். மற்ற மாதங்களில் காணிதான். நாலு வருடம் அப்படியே ஓடியது.

சிஞ்ஞோராவுக்கு ஒரே மகன், ஃபுல்வியோ. ஐம்பது வயது. வீடு, காணி வாங்கி விற்கிற தொழில். சாம்பல் நிறக் காரில் ஞாயிறு தோறும் வந்து தாயைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவான். வரும்போதெல்லாம் அகஸ்ரீனாவின் கையைப் பிடித்து, நீதான் இந்த வீட்டின் காவல் சம்மனசு, தேவதை என்பான். அவன் கை எப்போதும் வாசமாக, மெத்தென்று இருக்கும். கலியாண விழா நடத்துகிற நிறுவனம் ஒன்று இந்த இடத்தை முழுதாகக் கேட்கிறது, விற்றுவிட்டு என்னோடு நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்று தாயிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். என் பிணம் இறங்கிய பிறகு உன் விருப்பம் என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தா. அகஸ்ரீனா குடும்பம் கீழே இருக்கும்வரை கிழவிக்கு அங்கிருந்து இறங்கவேண்டிய தேவை இல்லை. அது மகனுக்குத் தெரியும். அகஸ்ரீனாவுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ஃபுல்வியோவுக்கு ஒரு ஆள் இருந்தான், சாரோ என்று. தண்ணீர்ப் பம்ப் நின்றால், மின்சாரம் போனால் அவனைத்தான் அனுப்புவான். ஒல்லியான, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகம். நத்தார்ப் பண்டிகைக்கு அகஸ்ரீனா செய்கிற உறைப்பான ரோல்ஸ் என்றால் அவனுக்கு உயிர். எரிகிறது எரிகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்பான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லி அவர்களுக்கும் சுற்றி வாங்கிக்கொண்டு போவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் தமிழ்ப் பூசை. மூவரும் காலையிலேயே போய்விட்டார்கள். சிஞ்ஞோரா வழக்கம்போல மகனோடு போய்விட்டா. வீட்டில் ஒருவரும் இல்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது படலை சாத்தியபடி இருந்தது. கீழ்க்கதவு மட்டும் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே போனதும் முதலில் நாற்றம்தான் வந்தது. அடுப்பில் மூடி வைத்துப் போன பருப்புச் சட்டிக்குள் சிகரெட் கட்டைகளைக் குத்தி அணைத்திருந்தார்கள். சிலுவைப் படத்துக்குக் கீழே சுவரில் துப்பல் வழிந்து காய்ந்திருந்தது. கிளறாவின் அறையில் அலுமாரி இழுப்பறை கவிழ்ந்து கிடந்தது. பிள்ளையின் உள்ளுடுப்புகளைக் கட்டிலில் பரப்பி, அவற்றின் மேல் சேற்றுச் சப்பாத்தோடு நடந்திருந்தார்கள். அவள் கழுத்தில் போடுகிற சின்னச் சங்கிலியும் ஏர்னஸ்றின் கைக்கடிகாரமும் காணாமல் போயிருந்தன.

கிளறா அழவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அதுகள் எனக்கு வேண்டாம். எரிச்சுவிடுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

அகஸ்ரீனா எரித்தாள். அரிசியைப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். சட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதையும் எறிந்தாள். தரையை மூன்று தடவை கழுவியும் அவளுடைய மூக்கில் இருந்து அந்த நாற்றம் போகவில்லை. நோயாளி அடக்கமுடியாமல் விட்டதைத் துடைப்பது வேறு. சுகதேகியாக நடந்து வந்து, நின்று நிதானித்து, இன்னொருத்தியின் பிள்ளை தின்கிற அரிசி என்று தெரிந்து செய்ததைத் துடைப்பது வேறு. கள்ளனுக்கு ஒரு தேவை இருக்கும், எடுத்துக்கொண்டு போவான். இதைச் செய்தவனுக்கு என்ன தேவை? அந்தக் கேள்வியை அவள் துணி காயப்போடுகிற கயிற்றிடமும் கேட்டாள், முற்றத்துக் கோழியிடமும் கேட்டாள்.

கறபினியேரிகள் என்கிற பொலிஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுடைய பொறுப்பாளரான மரெஷால்லோ, தலை நரைத்த நிதானமான மனிதர். மேலே ஏறி, கீழே இறங்கி, திரும்பவும் மேலே ஏறினார். மேல்தட்டில் வெள்ளிச் சாமான்கள் கண்ணாடி அலுமாரிக்குள் அப்படியே இருக்கின்றன, கள்ளர் கீழ்தட்டோடு திருப்திப்பட்டது ஏன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

சாயந்தரம் தாயைக் கொண்டுவந்து விட்ட ஃபுல்வியோ கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மிருகங்கள் என்றான். பிறகு அகஸ்ரீனாவை ஒருபக்கமாகக் கூப்பிட்டு, வயதுக்கு வந்த பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தத் தனிக்காட்டில் இருப்பது நல்லதில்லை, நான் உன் இடத்தில் இருந்தால் பிள்ளையை நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று தணிந்த குரலில் சொன்னான். அவனுடைய அக்கறைக்கு அவள் நன்றி சொன்னாள். பின்னாளில் அதை நினைத்தபோதெல்லாம் தன் வாயைக் கொப்பளிக்கவேண்டும் போலிருக்கும் அவளுக்கு.

அன்றிலிருந்து கிளறா தாயோடு படுத்தாள். கள்ளர் பின்மதிலால் ஏறித்தான் வந்திருப்பார்கள் என்று ஏர்னஸ்ற் காவலில் இறங்கினார். பின்மதில் இடிந்திருந்த இடங்களில் துறைமுகப் பக்கம் போய் வாங்கிவந்த பழைய வலையை இழுத்துக் கட்டி, ஈயக்குண்டும் வெறும் தகரப் பேணியும் தொங்கவிட்டார். ஒரு பூனை ஏறினாலும் கடகடவென்று சத்தம் வரும். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி போட்டார். கீழ்வீதிக்காரர் ஒருவரிடம் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தார். அது இரண்டு கிழமையில் ஒருநாள் காலை வாயில் நுரை தள்ளி எலுமிச்சை வரிசைக்கு நடுவே விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் பாதி தின்ற இறைச்சி உருண்டை. கிளறா பள்ளிக்கூடத்தால் வருமுன் அதைப் புதைத்துவிட்டு, நாய் ஓடிப்போய்விட்டது என்று அவர்கள் சொன்னார்கள். பிள்ளை நம்பவில்லை, நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கமெரா பொருத்தலாமா என்று ஏர்னஸ்ற் ஃபுல்வியோவிடம் கேட்டார். தன் தாய் தன் வீட்டிலேயே படம்பிடிக்கப்படுவதைத் தான் அனுமதிக்க முடியாது என்று ஃபுல்வியோ மறுத்துவிட்டான்.

இரண்டாம் தடவை வந்த கள்ளர் மேல்தட்டுக்கும் போனார்கள். அதுவும் ஒரு ஞாயிறுதான். சிஞ்ஞோராவின் வெள்ளிச் சாமான், சுவர் மணிக்கூடு, கணவனின் பழைய பேனாக்கள் எல்லாம் போய்விட்டன. கீழே அகஸ்ரீனாவின் கட்டிலில் செத்த எலி ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள். பின்மதில் வலையில் ஒரு முடிச்சும் அவிழவில்லை. ஜன்னல் கம்பி ஒன்றும் வளையவில்லை. கதவில் கீறல்கூட இல்லை.

அதைத்தான் ஃபுல்வியோ பிடித்துக்கொண்டான். கதவை உடைக்காமல் உள்ளே வருவது யாரால் முடியும், பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மரெஷால்லோவுக்கு முன்னாலேயே கேட்டான். நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இவர்களுக்கும் சொந்தக்காரர், நண்பர் என்று நகரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்தானே என்றான். அடுத்தநாள் ஏர்னஸ்றைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். ஆனால் அவருடைய வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, அப்போது புதுப்பிக்கக் கொடுத்துப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. மனிதர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். வந்த நாள் தொடக்கம் ஒரு பழமும் கேட்காமல் பிடுங்காதவர் அவர். அடுத்த பூசையில் கோயில் வாசலில் றஞ்சித் என்பவன், ஊர்க்காரன்தான், "என்ன ஏர்னஸ்ற், கிழவியின்ர வெள்ளி எங்கை?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். பகிடிதான். ஏர்னஸ்ற் அதற்குப் பிறகு பூசைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

நகரத்துக்கே திரும்பிவிடுவோமா என்று அவர் கேட்டார். அகஸ்ரீனா, இப்போது போனால் களவெடுத்துவிட்டு ஓடியதாகத்தான் ஆகும் என்றாள். அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமைக்கிற சட்டியை மூடுமுன் மணந்து பார்ப்பாள், திறந்ததும் மணந்து பார்ப்பாள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சிஞ்ஞோராவைக் கண் வைத்தியரிடம் காட்டுவதற்கு ஃபுல்வியோ நகரத்தில் நேரம் எடுத்திருந்தான். டாக்சியும் அவனே ஒழுங்கு செய்து, அகஸ்ரீனா கட்டாயம் கூடப் போகவேண்டும் என்று இரண்டு தடவை போன் பண்ணிச் சொல்லியிருந்தான். ஏர்னஸ்ற் மொண்டெல்லோவில். டாக்சி வந்து நின்றபோது சிஞ்ஞோரா கைத்தடியைத் தரையில் குத்தி, எனக்கு இன்றைக்குத் தலை சுற்றுகிறது, நான் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தா. கெஞ்சிப் பார்த்துச் சரிவராமல் அகஸ்ரீனா டாக்சியைத் திருப்பி அனுப்பினாள். அது படலையைத் தாண்டிக் கீழ்வீதிக்கு இறங்கியது. அதற்குள் ஆள் இல்லை என்பது வெளியில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கிளறாவும் வீட்டில்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். கீழே தன் அறையில் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

மேல் குசினியில் சிஞ்ஞோராவின் பாஸ்தாவுக்கு ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. படலைப் பூட்டு கிளிக்கென்று திறக்கிற சத்தம் கேட்டது. ஏர்னஸ்ற் ஏன் இவ்வளவு வெள்ளென வந்தார் என்று யோசித்தபடி அகஸ்ரீனா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். சாரோ வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் சாக்கு. இரண்டு கையிலும் ரப்பர் உறை. அவன் அக்கம்பக்கம் பார்க்கவே இல்லை. தன் வீட்டுக்குப் போகிறவன் போல நேரே நடந்து, சட்டைப்பைக்குள் இருந்து திறப்பை எடுத்துக் கீழ்க்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

வலையும் கம்பியும் தகரப் பேணியும் அவள் கண்ணுக்குள் ஒருகணம் வந்து போயின. எல்லாம் பின்பக்கம். இவன் முன்னால், திறப்போடு வந்திருக்கிறான்.

அப்புறம்தான் பிள்ளை கீழே இருக்கிறாள் என்பது நெஞ்சில் அடித்தது. கத்தியைத் தேடவில்லை, பொல்லைத் தேடவில்லை. அடுப்பில் இருந்த பானையைத் துணியோடு இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கட்டால் இறங்கினாள். தண்ணீர் தளும்பி அவளுடைய காலில் கொட்டியது. அந்த நேரம் அது சுட்டதே தெரியவில்லை; கொப்புளம் போட்டது பின்னேரம்தான்.

கிளறாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. பிள்ளை கட்டிலின் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள், கையில் புத்தகம். சாரோ அறை நடுவே நின்றான். அவனும் திடுக்கிட்டுத்தான் போயிருந்தான். ஆள் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சாக்கு அவன் காலடியில் விழுந்து வாய் திறந்து கிடந்தது. அதற்குள் இருந்து மாட்டுக் குடலும் சாணமும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது. பிள்ளையின் கட்டிலில் கொட்டக் கொண்டுவந்திருக்கிறான்.

அகஸ்ரீனா பானையைச் சரித்து, கொதிதண்ணியில் கொஞ்சத்தை அவனுடைய காலுக்கு முன்னால் ஊற்றினாள். அவன் துள்ளிச் சுவரோடு போய் ஒட்டினான்.

"கிளறா, எனக்குப் பின்னால வா. மேலை போ. சிஞ்ஞோராவோட நில்," என்றாள்.

பிள்ளை அவளுடைய முதுகை உரசிக்கொண்டு வெளியே ஓடினாள். காலடிச் சத்தம் மேலே போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அகஸ்ரீனா பானையைத் தாழ்த்தவில்லை.

சாரோ கையைத் தூக்கிக்கொண்டு, சிஞ்ஞோரா அகொஸ்தீனா, நான்தான், சாரோ என்றான். அவள் அவனை அடையாளம் காணவில்லை என்று நினைத்தானோ என்னவோ. அந்த முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். நத்தாருக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோல்ஸ் கேட்ட அதே முகம், அதே மன்னிப்புக் கேட்கிற கண். தான் அரிசி போட்ட கையாலேயே இவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தோம், அதைத் தின்ற வாயோடு வந்துதான் அந்த வாளியைத் திறந்தான் என்று நினைத்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஆளைத் தொடுவதும் அவன் நிற்கிற காற்றை இழுப்பதுமே அவளுக்குக் கூசியது.

"ஆர் அனுப்பினது?" என்று அவள் தமிழிலேயே கேட்டாள். பிறகு இத்தாலியனில் கேட்டாள்.

அவன் பானையைப் பார்த்தான். தனக்கும் பிள்ளைகள் இருப்பதாகவும், ஒருவருக்கும் அடிக்கச் சொல்லவில்லை என்றும், வீட்டை அசிங்கப்படுத்தினால் போதும், அவர்கள் தாங்களாகவே போய்விடுவார்கள் என்று சொன்னதாகவும் உளறினான். சொன்னது யார் என்று கேட்டதற்கு நாடியை வீதிப்பக்கம் நீட்டினான்.

அந்த நேரம் மேல் பல்கணியில் இருந்து சிஞ்ஞோரா இக்னாட்சியாவின் குரல் கேட்டது. ஃபுல்வியோ என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டா. பிள்ளை முற்றத்தில் விழுந்துவிட்டால் தாய் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. படலைக்கு வெளியே ஒலிவ் மரங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று உறுமிக்கொண்டு பின்வாங்கித் திரும்பிப் போனது. அதைக் கேட்டதும் சாரோவும் சாக்கைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடினான்.

அகஸ்ரீனா பானையைத் தரையில் வைத்தாள்.

மேலே போனபோது சிஞ்ஞோரா கதிரையில் இருந்தா. முதலில், அது அவனுடைய கார் இல்லை என்றா. பிறகு, அவன் வேறு ஏதோ அலுவலாக வந்திருப்பான் என்றா. கடைசியில் அகஸ்ரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை, நீ கறபினியேரிகளிடம் போகாதே, கீழ்வீட்டை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்றா. அந்தக் கையை அகஸ்ரீனா நாள்தோறும் கழுவித் துடைத்து நகம் வெட்டியவள். அன்றைக்கு அதை மெல்ல எடுத்து அவவின் மடியிலேயே வைத்தாள்.

"நீயும் ஒரு தாய்," என்றா சிஞ்ஞோரா.

"ஓம் சிஞ்ஞோரா. அதாலைதான் போறன்," என்றாள் அகஸ்ரீனா.

ஏர்னஸ்ற் வேலையை விட்டு ஓடி வந்தார். வந்தவர் முதலில் பயந்தார். இது பெரிய இடம், வேலையும் போகும், இருக்கிற கூரையும் போகும், பெர்மெஸ்ஸோவுக்கும் ஏதாவது செய்துவிடுவார்கள் என்றார். அகஸ்ரீனா அவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாக்கைக் காட்டினாள். "இதை எங்கை கொட்டக் கொண்டுவந்தவன் எண்டு பாருங்கோ. உங்கட பிள்ளையின்ர கட்டிலில," என்றாள். மனிதர் உள்ளே போய் நல்ல சேட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

கறபினியேரி நிலையத்தில் கிளறாதான் கதைத்தாள். தாயின் இத்தாலியன் வீட்டு வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. பிள்ளை சிசிலிக்காரியின் இழுவையோடு, முதல் தடவை தன் இழுப்பறைக்கு நடந்ததைத் தலை குனியாமல் சொன்னாள். பாதிச் சொல் அகஸ்ரீனாவுக்கு விளங்கவில்லை. அந்த நிமிர்ந்த கழுத்து விளங்கியது.

மரெஷால்லோ எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். சட்டப்படி, பிள்ளை தாயின் சொத்தைக் களவெடுத்தால் தண்டனை கிடையாது. வெள்ளி போனதற்காக ஃபுல்வியோவை ஒன்றும் செய்ய முடியாது. கூலிக்கு வந்த சாரோவை மட்டும் செய்யலாம். அகஸ்ரீனா தான் பிழையாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து மகளைப் பார்த்தாள். கிளறா திரும்பக் கேட்டு, அப்படித்தான் என்றாள். பெற்றவளிடம் எடுத்தால் குற்றமில்லையா? அந்தச் சாக்கை விட அந்தச் சட்டம்தான் அவளுக்கு அதிகம் நாறியது.

ஆனால் கீழ்வீடு உங்கள் வசிப்பிடம் என்றார் மரெஷால்லோ. அதற்குள் அத்துமீறி நுழைந்தது, சங்கிலி, கடிகாரம், சேதப்படுத்தியது எல்லாம் உங்களுக்கு எதிராகச் செய்தவை. அதற்கு மகன் என்ற மறைப்பு இல்லை. நீங்கள் முறைப்பாடு தந்தால் நிற்கும். தராவிட்டால் ஒன்றுமே நிற்காது.

அவள் கையெழுத்து வைத்தாள்.

சிஞ்ஞோராவை விசாரித்தபோது, என் கண் மங்கல், கார் யாருடையது என்று தெரியாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னா. ஆனால் சாரோ தனியே மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். நாய்க்கு நஞ்சு வைத்ததையும் சொன்னான். திறப்பை வெட்டிக் கொடுத்தது ஃபுல்வியோ. ஞாயிறு சாப்பாட்டில் தாய் இருக்கும்போது போன் பண்ணி, இப்போது போ என்று சொன்னது ஃபுல்வியோ. வெள்ளிச் சாமான் ஃபுல்வியோவின் நகர வீட்டு நிலவறையில் பழைய கம்பளத்தில் சுற்றியபடி இருந்தது. அது திரும்பி வந்த அன்று சிஞ்ஞோரா அதைத் தொடவில்லை. பூட்டுக்காரனைக் கூப்பிடு, எல்லாப் பூட்டையும் மாற்று என்று மட்டும் அகஸ்ரீனாவிடம் சொன்னா.

வழக்கு வருமுன் ஃபுல்வியோவின் சட்டத்தரணி வந்தார். முறைப்பாட்டைத் திரும்ப வாங்கினால் நல்ல தொகை தருவதாகவும், தன் கட்சிக்காரர் மனம் வருந்துவதாகவும் சொன்னார். ஏர்னஸ்ற் தயங்கினார். வாங்கிக்கொண்டு தூரத் தொலைவோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவள் மறுத்துவிட்டாள்.

"அந்தக் காசில வாங்கின சோத்தை நான் என்னெண்டு தின்னுவன்?" என்று கணவனிடம் கேட்டாள். "அவன் எங்கட பிள்ளையின்ர அறைக்குள்ள ஆளை விட்டவன் எண்டு கோட்டில சொல்லவேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

சொன்னார்கள். தண்டனை பெரிதாக இல்லை. ஃபுல்வியோவை மறியலில் அடைக்கவில்லை, ஒத்திவைத்த தண்டனைதான். சாரோவுக்கும் அப்படித்தான். ஏர்னஸ்றின் பெர்மெஸ்ஸோ ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. றஞ்சித் ஒருநாள் போன் பண்ணி ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தான். ஏர்னஸ்ற் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அந்தக் கலியாண நிறுவனம் வேறு எங்கேயோ இடம் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பாசத்தால் என்று சொல்ல முடியாது. அகஸ்ரீனா இப்போதும் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டுகிறாள், மருந்து கொடுக்கிறாள், கால் பிடித்துவிடுகிறாள். முன்பு வேலை முடிந்த பிறகும் பக்கத்தில் இருந்து கதைப்பாள். இப்போது வேலை முடிந்தால் கீழே இறங்கிவிடுவாள். அந்த மடியில் திருப்பி வைத்த கையை அவளால் மறக்க முடியவில்லை. கிழவிக்கும் அது தெரியும்.

நத்தாருக்கு முதல் கிழமை சிஞ்ஞோரா தயங்கித் தயங்கி, ஃபுல்வியோ பண்டிகைக்கு வரவா என்று கேட்கிறான், நான் தாயல்லவா, என்ன சொல்ல என்றா. வீடு உங்களுடையது, வரட்டும் என்றாள் அகஸ்ரீனா. அவன் வந்து நிற்கிற நேரம் நாங்கள் இங்கே இருக்கமாட்டோம், சாப்பாடு செய்து வைத்துவிட்டுப் போகவும் மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நத்தார் அன்று காலையிலேயே மூவரும் கீழ்வீட்டைப் பூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோவுக்கு, ஏர்னஸ்றின் தமக்கை விமலராணி வீட்டுக்குப் போனார்கள். பூசை, சாப்பாடு, சீட்டு விளையாட்டு என்று நாள் போனது. பின்னேரம் திரும்பியபோது சாம்பல் நிறக் கார் போய்விட்டிருந்தது. அகஸ்ரீனா நேரே மேலே ஏறினாள். சாப்பாட்டறையில் அவனுடைய வாசனைத் தைலத்தின் மணம் நின்றது. குளிர் என்றும் பாராமல் எல்லா ஜன்னலையும் திறந்தாள். அவன் இருந்த கதிரையை வினாகிரி போட்டுத் துடைத்தாள். கதவுக் கைபிடியைத் துடைத்தாள். சிஞ்ஞோரா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா.

மேசையில் இரண்டு கோப்பிக் கோப்பைகள் இருந்தன. சிஞ்ஞோராவின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மற்றதைக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை வாளிக்குள் போட்டாள். பிறகு கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கிழவிக்கு இரவு மருந்து கொடுக்கப் போனாள்.